துவைக்காத போர்வை

தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைத் தூக்கி வந்து, வேறு வீடு கிடைக்கும்வரை எஸ்தர் வளர்ப்பாள். இன்று கறுப்பி கிளம்புகிறது.

"ஒரு வாரமா என்னைத் துவைக்கவே இல்ல. உடம்பெல்லாம் முடி. இப்படியேவா புது வீட்டுக்குப் போறது?" என்று கறுப்பியின் போர்வை முணுமுணுத்தது.

"வேணும்னுதான் துவைக்கல," என்றது சோற்றுத் தட்டு. பதினோரு நாய்களை வழியனுப்பிய தட்டு அது. "அங்க உன்மேல படுத்தா இந்த வீட்டு வாசம் வரும். பயமில்லாம தூங்கும்."

எஸ்தர் கத்தரிக்கோலோடு வந்து போர்வையை இரண்டாக வெட்டினாள். ஒரு பாதி கறுப்பியோடு காரில் ஏறியது.

கார் போனதும் மறுபாதி கேட்டது: "இனிமேலாவது என்னைத் துவைப்பாங்களா?"

"நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் அவங்க தலையணைமேல கிட," என்றது தட்டு. "அவங்களும் தூங்கணுமே."