இரண்டு பேரும் பார்த்தால்தான் கணக்கு

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள் ரின்ஸ்கா, தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல்.

கடலோர அணைமேட்டின் பச்சைப் புல்லில் பனி ஆந்தை உட்கார்ந்திருந்தது. யாரோ தலையணையை மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் அவ்வளவு வெள்ளை. தீவில் பாதிப் பேர் வெறுங்கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கண்புரைதான்டி, சந்தேகமே இல்ல" என்று ரொட்டிக்கடை டீனேகே என் காதைக் கடித்தாள்.

ரின்ஸ்காவும் அவள் கணவன் மெனோவும் பிரியப்போகிறார்கள் என்பது எங்கள் டெக்சல் தீவின் செம்மறியாடுகளுக்குக்கூடத் தெரியும். சண்டை கிடையாது, நடுவில் வேறு ஆள் கிடையாது. பேச்சு தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் யாரும் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. அதனால் எட்டிப் பார்க்கும் பாவமும் எங்களுக்கு இல்லை. அவர்கள் வீட்டில் மாடியில் ஒரு விளக்கு எரியும், கீழே ஒரு விளக்கு எரியும். ஒரே பட்டாணி சூப்பை ஆளுக்கொரு நேரத்தில் சுடவைத்துத் தனியாகக் குடிப்பார்கள்.

பிரிவதற்கு முன் ஒரு பாக்கி இருந்தது. கல்யாணமான புதிதில், சேர்ந்து பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்ட பறவைகளும் விலங்குகளும். ஒரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றி அதை முடித்துவிடுவது, கடைசியில் பனி ஆந்தையையும் பார்த்ததும் வீட்டை விற்றுவிட்டு அவள் தங்கை வீட்டுக்கு, அவன் அக்கரையில் க்ரோனிங்கன் நகரத்தில் ஓர் ஒற்றை அறைக்கு என்று பேசி முடிவாகியிருந்தது.

நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு பேரும் பார்த்தால்தான் கணக்கு. ஒருவர் மட்டும் பார்த்தது சேராது.

அங்கேதான் ரின்ஸ்காவின் கண் காலை வாரியது. பின்லாந்தில் கரடி இவர்கள் ஒளிந்திருந்த குடிசைக்கு எதிரிலேயே முதுகைச் சொறிந்துகொண்டு நின்றதாம். இவள் பார்க்கவில்லை, மறுபடியும் போனார்கள். ஸ்பெயினில் பிணந்தின்னிக் கழுகு தலைக்கு மேலே வட்டமடித்ததாம். வெயில் கூசிவிட்டது என்றாளாம், அங்கேயும் இரண்டாம் தடவை. வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், போன இடத்திலெல்லாம் ஒரே மரத்தைப் பார்த்தபடி மணிக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனைக்கும் டீனேகே புதுக் கம்மல் போட்ட அன்று தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடித்து விசாரித்தவள் ரின்ஸ்காதான்.

மெனோ வேறு ரகம். மேகத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலே பெயர் சொல்லிவிடுவான். புதிதாக ஒரு குரல் கேட்டால் செருப்புக்கூட மாட்டாமல் ஓடுவான். ஆனால் இந்த ஆந்தை வந்து, அக்கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து குவிந்த வாரத்தில், அவன் பாட்டுக்குக் கொட்டகைக் கூரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான்.

மனசு விட்டுப்போச்சு, பாவம் என்று பேசிக்கொண்டோம். கடைசியில் டீனேகேதான் இருவரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வீட்டின் மேல் அவள் தம்பிக்கு ஒரு கண். அதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

ரின்ஸ்கா தொலைநோக்கியைக் கீழே இறக்கினாள். மெதுவாகத்தான் பேசினாள், காற்று எங்கள் பக்கம் அடித்தது.

"மெனோ, நான் பொய் சொல்லிட்டேன். கரடியை மொதத் தடவையே பார்த்தேன். கழுகையும் பார்த்தேன். இதையும் காரை விட்டு இறங்கினப்பவே பார்த்துட்டேன்."

மெனோ அவள் பக்கம் திரும்பினான்.

"முடிஞ்சுபோயிடுமேன்னுதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இன்னும் எவ்வளவு நாளைக்கு உன்னை இழுத்துட்டு அலையறது? பார்த்தாச்சு. நீ கிளம்பலாம்."

டீனேகே நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் ஓரடி முன்னால் நகர்ந்தாள். ஆந்தை கழுத்தை முழுசாகத் திருப்பி, மஞ்சள் கண்ணால் நேராக மெனோவைப் பார்த்தது. மெனோவும் அதை வெகுநேரம் பார்த்தான்.

பிறகு மனைவியின் கழுத்துத் துணியை இழுத்து இறுக்கிவிட்டுச் சொன்னான்:

"அது உர மூட்டைப் பை, ரின்ஸ்கா. ஆந்தை பார்க்கணும்னா நாம நார்வேக்குத்தான் போகணும்."