சரிங்க என்ற குமிழி

பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் குழாயில், ஆயிலுக்கு நடுவே ஒரு காற்றுக்குமிழி கனவு கண்டபடி மிதந்துகொண்டிருந்தது.

மலை இறக்கத்தில் பெடல் அதை அழுத்தியது. “சீக்கிரம்! சக்கரத்தை நிக்கச் சொல்லு!”

“சரிங்க,” என்று குமிழி மெத்தென்று சுருங்கிக்கொண்டது. பெடல் அடிவரை இறங்கிவிட்டது. கார் பனிமூட்டத்துக்குள் மிதப்பதுபோல் போய், ஏரிக்கரைப் புல்மேட்டில் முட்டி நின்றது.

“என்கிட்ட யாருமே சொல்லலையே,” என்றது சக்கரம்.

“நான் யாரையும் எதிர்த்துப் பேசினதே இல்லை,” என்றது குமிழி.

மெக்கானிக் சவுரிமுத்து பிரேக் ஷூவை மாற்றிப் பார்த்தார். பெடல் அப்போதும் அடிவரை அமுங்கியது. பிறகு சக்கரத்தருகே பிரேக் குழாயின் முனையிலிருந்த ஒரு சின்னத் திருகைத் தளர்த்திவிட்டு, பெடலை மிதிக்கச் சொன்னார்.

“வெளியே போ,” என்றது பெடல்.

“சரிங்க,” என்றது குமிழி. அன்றுதான் சொன்னதைச் செய்தது.