கொத்தை மூடிய இலை

வெள்ளை ஒயினுக்காகத் திராட்சை போட்டிருந்த கடலோரத் தோட்டம் அது. அங்கே ஓர் இலை, தன் கீழே தொங்கிய பச்சைக் கொத்தைப் பொத்திப் பொத்தி வளர்த்தது. குளிர்ந்த கடல்காற்று பிள்ளைமேல் பட்டுவிடக் கூடாதென்று நாளெல்லாம் அகலமாக விரிந்தே நின்றது.

அறுப்பு நெருங்கியதும் தோட்டக்காரி கொடி கொடியாகப் பழத்தைக் கிள்ளி ருசி பார்த்து வந்தாள். இந்தக் கொத்தில் ஒன்றை வாயில் போட்டவள் முகம் சுளித்துத் துப்பினாள்.

"இன்னும் புளிக்குதே. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா வெட்டிப் போட வேண்டியதுதான்."

அவள் போனதும் இலை பதறியது. "மத்ததெல்லாம் இனிக்குதாமே. உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்?"

கொத்து தயங்கியது. "கோவிச்சுக்காதேம்மா. வெயில், வெயில்னு சொல்றாங்களே, அது எப்படி இருக்கும்?"

இலை குனிந்து, கொத்தின் மேல் விழுந்திருந்த தன் நிழலைப் பார்த்தது. பிறகு கடல்காற்றைக் கூப்பிட்டது. "அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் பலமா வீசுங்க."

"தினமும் என்னைத் திட்டுவியே?"

"திட்டினேன்தான். இப்போ கேக்கறேன்."

காற்று வீசியது. இலை காம்போடு கழன்று மண்ணில் விழுந்தது. மேலே கொத்து முழுக்க வெயில்.

"அம்மா, சுடுது."

எழுந்து போய் மறைக்க இலைக்கு மனசு துடித்தது.

"சுடும்டா. கொஞ்சம் திரும்பிக்கோ, முதுகுலயும் படட்டும்."