ஒத்தை ஸ்டார்காரர்

"மறுபடியும் போட்டுட்டார் சார்," என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண்.

"யாரு, நம்ம ஒத்தை ஸ்டாரா?" முதலாளி நிமிரவே இல்லை.

"அவரேதான். தலையணை கல்லு மாதிரி இருந்துச்சாம்."

"போன வாரம் வெந்நீர். அதுக்கு முந்தி ஜன்னல். அந்த ஆளு நம்ம ஓட்டல்ல எத்தனை நாள்தான் தங்கினார்?"

"ஒரே ஒரு நாள் சார். அதுவும் போன வருஷம்."

ஒரு நாள் தங்கிவிட்டு வருஷம் முழுக்கக் குறை சொல்கிற ஆளை எங்கேயாவது கண்டதுண்டா? வாரம் தவறாமல் ஓட்டலின் இணையப் பக்கத்துக்கு வந்து, ஒற்றை நட்சத்திரத்தைக் குத்திவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் இவள் உட்கார்ந்து, "அன்புள்ள ஐயா, மிகவும் வருந்துகிறோம்" என்று கெஞ்ச வேண்டும். வாங்குகிற சம்பளத்தில் பாதி இந்த வருத்தத்துக்குத்தான்.

அன்றைக்கு அவளுக்குத் தலைவலி வேறு. பட்டென்று எழுதிவிட்டாள்.

"ஐயா, தங்கியது ஒரு நாள். அழுவது ஒரு வருஷமாக. அந்தத் தலையணையைப் பார்சலில் அனுப்பட்டுமா? வீட்டில் யாரும் இல்லையென்றால் அதையாவது கட்டிக்கொண்டு தூங்கலாம்."

சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு அதைப் பகிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட வயசான முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழேயே அர்ச்சனை ஆரம்பமானது. பெருசுக்கு வேற வேலை இல்லை போல என்றான் ஒருவன். மருமகள் சோறு போடலையா தாத்தா என்றாள் ஒருத்தி. செத்துத் தொலைஞ்சா ஓட்டல்காரன் பிழைப்பான் என்றுகூட ஒருவன் எழுதியிருந்தான். முகம் காட்ட வேண்டாத இடத்தில் எல்லாருக்கும் வீரம் வந்துவிடுகிறது. அவளால் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டாள்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"அடுத்த மாசம் வரைக்கும் ரூம் ஃபுல். விட்டுடாதே. அந்த ஆளோட பழைய பதிவையெல்லாம் தோண்டு. கிண்டலுக்கு இன்னும் ஏதாவது சிக்கும்."

தோண்டினாள். வெந்நீர், ஜன்னல், கொசு, சோப்பு என்று ஒவ்வொன்றாகக் கீழே போய், அவர் முதன்முதலில் எழுதியதற்கு வந்து சேர்ந்தாள்.

ஐந்து நட்சத்திரம்.

"அறை சுத்தமாக இருந்தது. கிளம்பும்போது ரிசப்ஷனில் இருந்த பெண், 'பார்த்துப் போங்க ஐயா' என்றாள். என் மனைவி போன பிறகு யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நன்றி."

எல்லாரிடமும் வாடிக்கையாகச் சொல்கிற வார்த்தைதான். அவரிடம் சொன்னது அவளுக்கு நினைவுகூட இல்லை. அதற்குக் கீழே ஓட்டலின் பதில் எதுவும் இல்லை.

அடுத்த வாரமும் ஐந்து நட்சத்திரம். "போன வாரம் எழுதியதைப் பார்த்தீர்களா? அந்தப் பெண் நலமா?"

அதற்கும் பதில் இல்லை. எப்படி இருக்கும்? 'பாராட்டுறவன் எங்கேயும் போக மாட்டான், திட்டுறவனை மட்டும் உடனே கவனி' என்பது முதலாளி போட்ட சட்டம்.

மூன்றாவது வாரம் ஒரே ஒரு நட்சத்திரம். "மின்விசிறி சத்தம் போடுகிறது." உடனே கீழே அவளே எழுதிய பதில் இருந்தது. "அன்புள்ள ஐயா, நலமாக இருக்கிறீர்களா? உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்..."

அதற்கப்புறம் அவர் எதையும் பாராட்டவே இல்லை.

அவள் நேராக முதலாளியிடம் போய் நின்றாள்.

"சார், அந்தத் தலையணைப் பதிவை எடுத்துடலாம் சார். பாவம், தனியா இருக்கிறவர்."

"விளையாடறியா? இப்ப அதுதான் நமக்குச் சோறு போட்டுட்டிருக்கு. அதுல கை வெச்சே, நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

இந்த ஊரில் அவளுக்கும் யாரும் கிடையாது. பெண்கள் விடுதி அறைக்குப் போனால் நாலு சுவர்தான். வேலை போனால் அந்த அறையும் போய்விடும். இருந்தாலும், ஒரு மனுஷனை ஊர் வாயில் போட்டுவிட்டு எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது?

முதலாளி வெளியே போனதும், அந்தப் பெரியவர் அறை எடுத்தபோது கொடுத்த நம்பருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஐயா, ஓட்டல் ரிசப்ஷன்லேர்ந்து பேசறேன். தொந்தரவு பண்ணிட்டேனா?"

"அதெல்லாம் இல்லைம்மா. கொஞ்சம் வேலையா இருந்தேன். சொல்லுங்க."

"அந்தத் தலையணை விஷயத்தை எழுதினது நான்தான் ஐயா."

அவர் பேசுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஏதோ எரிச்சல்ல கேலி பண்ணிட்டேன். அதைப் பார்த்துட்டு ஆளாளுக்கு உங்களைக் கன்னாபின்னான்னு பேசிட்டாங்க. என்னை மன்னிச்சிடுங்க." அழுகையை அடக்க முடியவில்லை அவளால். "கீழே அவங்க எழுதினது எல்லாத்தையும் சேர்த்து இப்பவே அழிச்சிடறேன். என் வேலை போனாலும் பரவாயில்லை."

"ஐயோ, அழிச்சிடாதீங்கம்மா," என்று பதறினார் பெரியவர். "காலையில எழுந்ததும் உக்காந்து ஒவ்வொருத்தருக்கா எழுதிட்டு வரேன். இன்னும் பாதிப் பேருக்கு நான் பதில் போடலை."