பதினோராயிரம் லூசு

ரகசியக் கோப்பைத் தொடுகிறவர்கள் எல்லோரும் சட்டைப் பொத்தானில் அரசாங்கத்தின் காது ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் மனநிலையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது சாட்சியமாகப் பதிந்துகொள்ளும். தில்லைவாணனுக்கு எதிராக ஒரே வருடத்தில் பதினோராயிரம் சாட்சியங்கள் பதிவாகி, காதே வீங்கிவிட்டது. அத்தனையும் அவனுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே உறவான மதுரை அக்கா கோமளா போனில் சொன்னவை. "சாப்டியாடா லூசு" என்றுதான் அவள் பேச்சையே ஆரம்பிப்பாள்.

"இன்னொரு தடவை சொன்னா கோப்பைத் தொடுற அனுமதி ரத்தாம், வேலையும் போயிடும்க்கா."

"அப்ப உன்னை எப்படிடா கூப்பிடுறது?"

அன்றோடு அவள் நாக்கைக் கட்டிக்கொண்டாள். திட்ட வழியில்லாமல் போனதும், மணிக்கணக்கில் ஓடிய பேச்சு அரை நிமிடத்துக்குச் சுருங்கியது.

அடுத்த வருடம் அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். இவன் மனநிலையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்று சான்றிதழில் பொன்னெழுத்தில் போட்டிருந்தார்கள். அக்காவை அழைத்தான்.

"வாழ்த்துகள்" என்றாள், செய்தி வாசிப்பவளைப் போல.

அவன் காத்திருந்து பார்த்தான்.

"அக்கா, ரசத்துல உப்புக்குப் பதிலா சர்க்கரையைப் போட்டுட்டேன்."

"அப்படியா."

"அதையும் மூணு டம்ளர் குடிச்சேன்."

அந்த வார்த்தை அவள் தொண்டை வரை வந்து நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

"சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போனேன்க்கா."

"பரவால்ல தம்பி" என்றாள் கோமளா. "உடம்பைப் பாத்துக்குங்க."