பலவேசத்தின் தொழுவம்

அண்ணனைக் கொன்ற பலவேசத்தை வெட்ட, அரிவாளோடு அவன் தொழுவத்துக்குப் போனான் சொரிமுத்து. ஈன முடியாமல் தவித்த ஆட்டின் பக்கத்தில் குந்தியிருந்த பலவேசம் நிமிர்ந்து பார்த்தான்.

"குட்டி குறுக்கே கெடக்கு. ஆட்டைப் பிடிச்சுக்க. பொறவு வெட்டு."

அரிவாளை வைத்துவிட்டு சொரிமுத்து ஆட்டைப் பிடித்தான். குட்டி வெளியே வந்து மூச்சு விட்டதும், பலவேசம் கையைக்கூடக் கழுவாமல் கழுத்தை நீட்டிக் குனிந்தான். அவன் கெஞ்சியிருந்தால் சொரிமுத்து வெட்டியிருப்பான்.

"நீ குனிஞ்சா ஒடனே நான் வெட்டணுமோ?" என்று கேட்டுவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

தெருமுனையில் சொந்தக்காரர்களோடு காத்திருந்த சித்தப்பா, ரத்தம் படாத அரிவாளைப் பார்த்தார்.

"நீயெல்லாம் ஆம்பளையாலே?"

சொரிமுத்து அரிவாளை அவர் கையில் திணித்தான்.

"அங்கனதான் இருக்கான். நீரு போயி வெட்டும்."

அரிவாளை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் சித்தப்பா நின்றார்.