கஞ்சன் சம்பந்தி

"ஆறு கறவை மாடு நிக்கிற வீட்ல, புள்ளைக்குப் பால் குடுக்குற பொண்ணுக்கு வரக்காப்பியா?"

கெலவரப்பள்ளிக்கு மகளைப் பார்க்க வந்த முனிவேல் போட்ட சத்தத்தில், அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். சம்பந்தி திம்மராயன் பேசாமல் நின்றார்.

"கிளம்பு பிரவீனா."

அவள் அப்பாவை உள்ளே இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் பால், தயிர் சாப்பிட்டா, எம்பால் வழியாப் போயி புள்ளைக்கு ஒத்துக்கலப்பா. வெளிக்குப் போறப்ப ரத்தம் வந்துச்சு. டாக்டர்தான் நிறுத்தச் சொன்னாரு."

"அதச் சம்பந்தி சொல்ல வேண்டியதுதானே?"

"'தாய்ப்பாலே ஆகாத பொண்ணு'ன்னு ஊரு என்னைப் பேசுமாம். தன்னைக் கஞ்சன்னு பேசிட்டுப் போகட்டும்னு மாமா வாயே திறக்கல."

முனிவேல் வெளியே வந்தார்.

"இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாதுங்க சம்பந்தி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, திம்மராயன் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.